படம் டிவிக்கு, ஒலி யாருக்கு? லேப்டாப்பை ஹோம் தியேட்டரோடு இணைக்கும்போது நடப்பது

லேப்டாப்பிலிருந்து டிவிக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் படம் வந்துவிடும். வம்பு பண்ணுவது ஒலிதான். பெரிய திரையில் படம் ஓடிக்கொண்டிருக்கும், வசனம் மட்டும் லேப்டாப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொடி ஸ்பீக்கரிலிருந்து முனகும். அதைச் சரிசெய்தால் அடுத்தது வரும்: அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்திருப்போம், முன்னால் இருக்கும் இரண்டு மட்டும் பாடும். மற்றவை கொலுப் பொம்மைகள்.

நானும் இப்படித்தான் கேபிள் மேல் பழி போட்டு, தங்க முலாம் பூசிய தடித்த கேபிள் ஒன்றை வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் சரியில்லை என்றால் திரையில் புள்ளிகள் மின்னும், படம் அவ்வப்போது போய்ப் போய் வரும், அல்லது வரவே வராது. ஐந்து ஸ்பீக்கரில் மூன்றை மட்டும் ஊமையாக்கும் வித்தை எந்தக் கேபிளுக்கும் தெரியாது. லேப்டாப் எந்தப் பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறது, அந்தப் பெட்டி தன்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது.

கேபிளைச் செருகியதும் முதலில் நடப்பது ஒரு விசாரணை. படமெல்லாம் அதற்கு அப்புறம்தான். எச்டிஎம்ஐ முனையில் 19 பின்கள் உண்டு. மறுமுனையில் கருவி ஒன்று வந்திருக்கிறது என்ற சேதியை 19ஆம் பின் லேப்டாப்புக்குச் சொல்கிறது. உடனே லேப்டாப் 15, 16ஆம் பின்கள் வழியாக அந்தக் கருவியின் சிறு நினைவகம் ஒன்றைப் படிக்கிறது. ஈடிஐடி என்று அதற்குப் பெயர். 128 பைட் கொண்ட கட்டங்களாக எழுதி வைத்த ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் பெயர், எத்தனை பிக்சல், நொடிக்கு எத்தனை ஃபிரேம், எத்தனை சேனல் ஒலி (ஒரு ஸ்பீக்கருக்கு உரிய தனி ஒலி ஒரு சேனல்), டால்பி, டிடிஎஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவங்கள் புரியுமா, எல்லாம் அதில் இருக்கும். ஜாதகத்தில் இல்லாததை லேப்டாப் பொதுவாக அனுப்பாது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். விண்டோஸில் கீழே வலது மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, ஒலி வெளியேறும் கருவிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே டிவியின் பெயர் இருந்தால், லேப்டாப்புக்குத் தெரிந்தது டிவி மட்டும்தான். டிவிக்குப் பின்னால், ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப் அல்லது ரிசீவர் என்ற பெட்டி எவ்வளவு பெரிதாக உட்கார்ந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. டிவியோ பெரும்பாலும் தனக்கு இரண்டு ஸ்பீக்கர் என்றுதான் எழுதி வைத்திருக்கும். அதை நம்பி லேப்டாப் இரண்டு சேனலாகச் சுருக்கி அனுப்பிவிடும். அந்த இடத்திலேயே 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமான ஒலி, செத்துவிடுகிறது, அதற்கப்புறம் ரிசீவரின் ரிமோட்டை எத்தனை முறை அமுக்கினாலும் பிழைக்காது. அதே பட்டியலில் ரிசீவரின் பெயர் வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே ஒயர் இழுப்பதற்கு முன்னால் ஒலியின் வழியை முடிவு செய்துகொள்வது நல்லது. படத்துக்கு எப்படியும் வழி கிடைத்துவிடும்.

லேப்டாப்பிலிருந்து ரிசீவருக்கு ஒரு எச்டிஎம்ஐ, ரிசீவரிலிருந்து டிவிக்கு இன்னொரு எச்டிஎம்ஐ. இதுதான் நேர் வழி. ரிசீவர் தன் ஒலித் திறனையும் டிவியின் படத் திறனையும் சேர்த்து ஒரே ஜாதகமாகக் காட்டும். லேப்டாப் 5.1 அல்லது 7.1 ஒலியைச் சுருக்காமல் அனுப்பும், ரிசீவர் ஒலியைத் தான் வைத்துக்கொண்டு படத்தை டிவிக்குத் தள்ளிவிடும். ஆனால் கேபிள் போட்டால் மட்டும் போதாது. விண்டோஸின் பழைய ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையில் அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' பொத்தானை அமுக்கி, 5.1 என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கே ஒரு அறையின் படமும் அதைச் சுற்றி ஸ்பீக்கர் படங்களும் வரும். ஒவ்வொன்றாகத் தொட்டால் அந்தந்த ஸ்பீக்கரில் ஒரு சிறு ஒலி கேட்கும். பின்னிடது ஸ்பீக்கரைத் தொட்டால் பின்வலதில் கேட்கிறதா? ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். மேக் கணினியில் இதே வேலையை 'ஆடியோ மிடி செட்டப்' என்ற செயலி செய்யும்.

எச்டிஎம்ஐயில் லேப்டாப் அனுப்பும் ஒலிக்கென்று தனி ஒயர் கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பழைய பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை ஒரு கோட்டை வரைந்து முடித்ததும் அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குத் திரும்பி ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்காகச் சிக்னலில் கொஞ்சம் வெற்றிடம் விட்டார்கள். டியூப் போய்விட்டது, வெற்றிடம் போகவில்லை. 1920 × 1080 படம் நொடிக்கு 60 முறை போகும்போது, கேபிளில் உண்மையில் போவது 2200 × 1125 அளவுள்ள சட்டகம். மிச்சமிருக்கும் அந்த ஓரங்களில்தான் ஒலி பொட்டலம் பொட்டலமாகப் பயணம் செய்கிறது. அதனால்தான் லேப்டாப்பிலிருந்து படமே இல்லாமல் ஒலியை மட்டும் எச்டிஎம்ஐ வழியே அனுப்ப முடிவதில்லை. இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் உள்ள கணினியில் ஒன்றை டிவிக்கும் மற்றதை ஒலிக்காக மட்டும் ரிசீவருக்கும் கொடுத்தால், ரிசீவரையும் ஒரு திரை என்றே விண்டோஸ் எண்ணிக்கொள்ளும். மவுஸ் அம்பு அந்த இல்லாத திரைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தேடிப் பிடிப்பதற்குள் படத்தில் இடைவேளை வந்துவிடும்.

நேர் வழி என்றேனே, அதிலும் ஒரு முள் இருக்கிறது. எச்டிஎம்ஐ 1.0 வந்தது 2002 டிசம்பரில். 2009இல் வந்த 1.4 பதிப்பின் உச்ச வேகம் நொடிக்கு 10.2 கிகாபிட். 2013இன் 2.0 பதிப்பில் 18, 2017இன் 2.1 பதிப்பில் 48. இப்போது 4கே படத்தின் கணக்கைப் பாருங்கள். 3840 × 2160 பிக்சல், பிக்சலுக்கு 24 பிட், நொடிக்கு 60 ஃபிரேம். பெருக்கினால் ஏறத்தாழ 11.9 கிகாபிட் வருகிறது, அதுவும் ஓரங்களைச் சேர்க்காமலே. 1.4 காலத்து ரிசீவருக்குள் இது நுழையாது. 30 ஃபிரேமாகப் பாதியாக்கினால் நுழையும். சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம் என்பதால் படம் பார்க்கும்போது குறை தெரியாது. மவுஸை அசைத்தால் உடனே தெரிந்துவிடும்: அம்பு சேற்றில் நடப்பது போல நகரும். புது டிவி, பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. படம் முக்கியமா, ஒலி முக்கியமா என்று ரிசீவர் கழுத்தைப் பிடிக்கும். இன்னும் பழைய சில ரிசீவர்களில் எச்டிஎம்ஐ துளைகள் வெறும் திசைமாற்றி மட்டுமே. படத்தைக் கடத்திவிடும், ஒலியைத் தொடவே தொடாது.

அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாவது வழி: லேப்டாப்பிலிருந்து நேராக டிவிக்கு, டிவியிலிருந்து ஒலியை மட்டும் திருப்பி ஆம்புக்கு. திருப்பி அனுப்புவது ஆப்டிகல் கேபிளாக இருக்கலாம், அல்லது ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையாக இருக்கலாம். எழுதிய என்பதைக் கவனியுங்கள். டிவியின் முதுகில் மூன்று நான்கு எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும், பெரும்பாலும் அவற்றில் ஒன்றின் பக்கத்தில்தான் அந்த மூன்றெழுத்து இருக்கும். வேறு துளையில் செருகிவிட்டு மணிக்கணக்கில் மெனுவை நோண்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஆப்டிகல் கேபிளைத் தோஷிபா 1983இல் கொண்டுவந்தது. அதற்கு வைத்த டாஸ்லிங்க் என்ற பெயரிலேயே அந்த நிறுவனம் ஒளிந்திருக்கிறது. முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே செக்கச்செவேலென்று ஒளி தெரியும். தெரிந்தால் மறுமுனை சிக்னல் அனுப்புகிறது என்று பொருள், இதைவிட எளிய சோதனை வேறில்லை. மூடியைக் கழற்றாமலே அமுக்கிச் செருகப் பார்த்து, 'பழுதாகிவிட்டது' என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

இந்த வழியின் குறுக்கே நிற்பது அகலம். சுருக்காத ஸ்டீரியோ ஒலியின் கணக்கு இப்படி: நொடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 16 பிட், இரண்டு சேனல். மொத்தம் 15,36,000 பிட், அதாவது ஒன்றரை மெகாபிட். 5.1 என்றால் ஆறு சேனல், 4.6 மெகாபிட்டுக்கு மேல். ஆப்டிகலில் சுருக்காத ஒலிக்கு இரண்டு சேனலுக்கான இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் டால்பி டிஜிட்டல் என்பது ஆறு சேனலையும் கசக்கிச் சுருட்டிய மூட்டை. டிவிடியில் அதன் உச்சமே நொடிக்கு 448 கிலோபிட். எனவே அந்த இரண்டு சேனல் இடத்துக்குள் ஆறு சேனல் மூட்டை தாராளமாகப் போகும். டிடிஎஸ் மூட்டை இன்னும் பெரிது, ஒன்றரை மெகாபிட் வரை வரும், அதுவும் நுழைந்துவிடும். பழைய ஏஆர்சியின் நிலைமையும் ஏறக்குறைய இதேதான்.

அப்படியென்றால் ஆப்டிகலில் 5.1 கேட்க, மூட்டையைப் பிரிக்காமல் அனுப்ப வேண்டும். வழக்கமாக லேப்டாப் என்ன செய்கிறது? மூட்டையைத் தானே பிரித்து, சுருக்காத ஒலியாக்கி, கூடவே மெயில் வந்த 'டிங்' சத்தத்தையும் கலந்து அனுப்புகிறது. பிரிக்காதே, அப்படியே கொடு என்று சொல்லும் வசதிக்குத்தான் பாஸ்த்ரூ என்று பெயர். விஎல்சி போன்ற பிளேயர்களின் ஒலி அமைப்பில் இது இருக்கும். வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. லேப்டாப்பின் வால்யூம் பொத்தானை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒலி கூடிக் குறைந்தால் மூட்டை பிரிந்துதான் போகிறது. பொத்தான் ஒன்றும் செய்யவில்லையா, வாழ்த்துகள். இனி ரிசீவரின் ரிமோட்தான் வால்யூம். ரிசீவரின் முகப்பிலும் பார்க்கலாம்: சுருக்காத ஒலியைக் குறிக்கும் 'பிசிஎம்' என்று இருந்த எழுத்து 'டால்பி டிஜிட்டல்' என்று மாறியிருக்கும்.

டிவி ஒரு இடைத்தரகர் என்பதை மறக்கக் கூடாது. பல பழைய டிவிகள் தம் சொந்த சேனல்களின் 5.1 ஒலியை ஆப்டிகலில் அனுப்பும். எச்டிஎம்ஐ வழியாக உள்ளே வந்த ஒலி என்றால் ஸ்டீரியோவாக்கித்தான் வெளியே விடும். அதற்கு மெனுவில் மருந்து கிடையாது. மருந்து இருக்கும் டிவிகளில், ஒலி அமைப்புக்குள் டிஜிட்டல் வெளியீடு என்ற இடத்தில் 'பிசிஎம்' என்பதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்ற வேண்டியிருக்கும். டிடிஎஸ் ஒலியைச் சில டிவிகள் வாங்கிக்கொள்வதே இல்லை. டால்பி படம் நன்றாகப் பாடிவிட்டு அடுத்த படம் ஊமையாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். கேம் விளையாடுபவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. கேமின் 5.1 ஒலி அந்தந்த நொடியில் பிறப்பது, முன்கூட்டிக் கட்டிய மூட்டை அங்கே கிடையாது. டால்பி டிஜிட்டல் லைவ் போல உடனுக்குடன் கட்டித்தரும் வசதி கணினியில் இருந்தால்தான் ஆப்டிகலில் அது ஆறு சேனலாகப் போகும்.

எச்டிஎம்ஐ 2.1 கூடவே வந்த ஈ-ஏஆர்சி, அதாவது ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம், இந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்த்துவிட்டது. அதன் அகலம் நொடிக்குச் சுமார் 37 மெகாபிட். எட்டு சேனல், மாதிரிக்கு 24 பிட், நொடிக்கு 1,92,000 மாதிரி என்று பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 36.9 மெகாபிட் வரும். அளவெடுத்துத் தைத்த சட்டை. டிவி, ரிசீவர் இரண்டிலும் ஈ-ஏஆர்சி இருந்தால், 4கே படத்தை நேராக டிவிக்குக் கொடுத்துவிட்டு ஒலியைச் சுருக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் டிவியின் ஜாதகம்தான் லேப்டாப்புக்குத் தெரியும். நல்ல டிவிகள் பின்னால் இருக்கும் ரிசீவரின் திறனையும் அதில் சேர்த்து எழுதிக்கொள்கின்றன. எல்லா டிவியும் அப்படிச் செய்வதில்லை.

மூன்றாவது வழி ஏழைப் பங்காளன். படம் எச்டிஎம்ஐயில் டிவிக்கு, ஒலி லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் முனையும் மறுபக்கம் சிவப்பு வெள்ளை முனைகளும் கொண்ட கேபிளில் ஆம்புக்கு. பழைய டிவிடி ஹோம் தியேட்டர் பெட்டிகளில் எச்டிஎம்ஐ உள்ளே வாங்கும் துளை பெரும்பாலும் இருக்காது. வெளியிலிருந்து ஒலியை வாங்கும் ஆக்ஸ் துளை பெரும்பாலும் இருக்கும். வருவது ஸ்டீரியோதான். ஆனால் பல ஆம்ப்களில் உள்ள டால்பி புரோ லாஜிக் அந்த இரண்டு சேனலிலிருந்தே பின் ஸ்பீக்கர்களுக்கும் நடு ஸ்பீக்கருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிடும். படம் பார்க்க இது போதும் என்பதே என் கட்சி. லேப்டாப்பின் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, மிச்சத்தை ஆம்பில் கூட்டுங்கள். தலைகீழாக வைத்தால் இரைச்சல்தான் பெரிதாகும்.

இந்த வழியில் சிலருக்கு 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் விடாமல் கேட்கும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் சட்டென்று நின்றால், அது எர்த் சுற்று. லேப்டாப்பும் ஆம்பும் தனித்தனி வழியில் எர்த்தைத் தொட, இடையில் ஆடியோ கேபிள் பாலம் போட, அந்த வட்டத்தில் மின்சாரம் மெல்ல ஓடுகிறது. இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகினால் பல நேரம் அடங்கிவிடும், இல்லாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு டப்பா ஒன்றை இடையில் போட வேண்டும். சிலர் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். ஆப்டிகல் கேபிளில் இந்தத் தொல்லையே வராது, ஒளிக்கு எர்த் எதற்கு?

படத்தின் சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது ஓவர்ஸ்கேன், பிக்சர் டியூபின் இன்னொரு மிச்சம். டிவியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', '1:1' என்று ஏதோ ஒரு பெயரில் மருந்து இருக்கும். எழுத்துகளின் விளிம்பு, முக்கியமாகச் சிவப்பு எழுத்து, மங்கலாகத் தெரிந்தால் டிவி நிற விவரத்தைச் சுருக்குகிறது. அந்த எச்டிஎம்ஐ துளைக்கு 'பிசி' என்று பெயர் மாற்றினாலே பல டிவிகள் திருந்திவிடும். கறுப்பு சாம்பல் போல வெளுத்திருந்தாலோ, இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியாவிட்டாலோ, ஒரு பக்கம் 0 முதல் 255 வரையும் மறுபக்கம் 16 முதல் 235 வரையும் நிற அளவு வைத்துப் பேசிக்கொள்கின்றன. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மெல்லிய லேப்டாப்களில் யூஎஸ்பி-சி துளை மட்டும் இருக்கும். அதன் வடிவம் ஒன்றாக இருப்பதால் எல்லாம் படம் தரும் என்று நம்பிவிடாதீர்கள், டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளே இருந்தால்தான் தரும்.

கடைசித் தொல்லை உதட்டசைவு. டிவி ஒவ்வொரு ஃபிரேமையும் மெருகேற்றிக் காட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மூன்றாவது வழியில் ஒலி அந்த வரிசையில் நிற்காமல் ஆம்புக்கு ஓடிவிடுவதால், வாய் திறப்பதற்கு முன்பே வசனம் வந்து விழும். டிவியைக் கேம் மோடுக்கு மாற்றினால் மெருகேற்றும் வேலை குறைந்து படம் முந்தி வரும். விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒலியை 50 மில்லிநொடி நகர்த்தும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். கதவு அறைவது, கை தட்டுவது போன்ற காட்சியை வைத்துச் சரிபார்த்தால் எளிது. ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் கோளாறு எதிர்ப்பக்கம், ஒலிதான் நொண்டிக்கொண்டு பின்னால் வரும்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் ஒன்றை நினைவில் வையுங்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டால் டிவியையோ ரிசீவரையோ அணைத்தால், அந்த 19ஆம் பின் ஓய்ந்துவிடக்கூடும். எதிர்ப்பக்கம் ஆளே இல்லை என்று லேப்டாப் முடிவு செய்து, ஒலியைத் தன் சொந்த ஸ்பீக்கருக்குத் திருப்பிக்கொள்ளும். அந்த ஸ்பீக்கரின் வால்யூமை நீங்கள் கடைசியாக எங்கே விட்டீர்கள் என்பது அதற்கு நன்றாக நினைவிருக்கும். வீடே தூங்கும் நள்ளிரவில் பொடி ஸ்பீக்கர் உச்ச ஸ்தாயியில் கத்தத் தொடங்கும். முதலில் படத்தை நிறுத்துங்கள், அப்புறம் ரிமோட்டைத் தொடுங்கள்.